மஞ்சள் ஓரம்

அம்மிணி, கோவிச்சுக்காதீங்க. பின்னல்ல ரெண்டு வரிசைக்குக் கீழ ஒரு கண்ணியை விட்டுட்டீங்க. அதோ, பச்சை முடிஞ்சு நீலம் தொடங்குற இடத்துல. இப்பவே பிடிச்சுட்டா சரியாயிரும். விட்டா அடி வரைக்கும் ஓடிரும். மேட்டுப்பாளையத்துல வண்டி ஏறுனதுல இருந்து உங்க கையையேதான் பாத்துட்டு வர்றேன். முன்பின் தெரியாதவங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு யோசனை.

கோத்தகிரிக்குத்தான் போறீங்களா? நானும் அங்கதான். ஸ்கூலுக்குப் புது டீச்சரா வர்றீங்களா, சரி சரி. மஃப்ளர் வேணும்தான், மார்கழில காதை அறுத்துரும். எல்லாம் மிச்ச நூலா? அதானே பாத்தேன், ஒவ்வொண்ணும் ஒரு தடிமனா இருக்குதே. ஹாஸ்டல்ல கூட இருந்தவங்களோடதா. கேட்டுத்தானே வாங்குனீங்க? இல்ல, சும்மா கேட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க.

நானும் ஒரு தடவை இப்படி மிச்ச நூல்ல ஒண்ணு பின்னுனேன். ஒம்பது வருசம் ஆச்சு. அதுக்கப்புறம் ஊசியைத் தொடல. கண்ணு மங்கிருச்சுன்னு வீட்ல சொல்லி வெச்சிருக்கேன். கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்குது. உங்க கண்ணி விட்டதைப் பாத்தேனே.

மேல போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். நீங்க பின்னிட்டே வாங்க, நான் சொல்லிட்டு வர்றேன்.

எங்க வீடு மார்க்கெட்டுக்குப் பின்னால, ஒரே கூரைக்குக் கீழ ரெண்டு குடித்தனம். ஒரு பக்கம் நாங்க. இன்னொரு பக்கம் எங்க வீட்டுக்காரரோட தம்பி ஆறுச்சாமியும் அவர் சம்சாரம் வசுமதியும். நடுவுல ஒரு கதவு. அந்தக் கதவை அப்பெல்லாம் சாத்துனதா எனக்கு ஞாபகமே இல்ல. ஆறுச்சாமி வேன் ஓட்டுனாரு. வசுமதி வீட்லதான். நல்ல பொண்ணு, அதிகம் பேச மாட்டா. கல்யாணமாகிப் பதினாலு வருசம் குழந்தை இல்ல. பதினஞ்சாவது வருசம் வயித்துல நின்னுச்சு.

அவளுக்குப் பின்னவே தெரியாதுங்க. மூணாவது மாசத்துல வந்து, 'அக்கா, எனக்கு ஸ்வெட்டர் பின்னச் சொல்லிக் குடுங்க'ன்னா. நான் பின்னித் தர்றேன்னேன். வேண்டாம், நானேதான் பின்னணும்னுட்டா. கடைக்குப் போய் எலுமிச்சை நிறத்துல நூல் வாங்கிட்டு வந்தா. பையனோ பொண்ணோ தெரியாதில்ல, ரெண்டுக்கும் ஆகட்டும்னு மஞ்சள். நான் பக்கத்துலயே உக்காந்து சொல்லிக் குடுத்தேன். கை இறுக்கமா வரும் அவளுக்கு. 'இது குழந்தை கழுத்தை நெரிக்கும், அவிழ்த்துட்டு மறுபடி போடு'ம்பேன். மூஞ்சியைச் சுளிக்காம அவிழ்ப்பா. மறுபடி போடுவா. ஒவ்வொரு வரிசையும் ரெண்டு தடவை, மூணு தடவை. எவ்வளவு பெருசு இருக்கும் அது, என் ரெண்டு கையகலம். அதுக்கு நாலு மாசம் ஆச்சு.

முன்னாடி, பின்னாடி முடிச்சு, ஒரு கையும் முடிச்சுட்டா. ரெண்டாவது கை பாதி வந்திருந்துச்சு. எட்டாம் மாசம் ஒரு நாள் காலையில, 'அக்கா, நேத்துல இருந்து அசையவே இல்ல'ன்னு வந்து நின்னா. கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பொறக்குறப்பவே உயிர் இல்ல. ஒரு பையன்.

நாலு நாள் எங்ககூட இருந்தா. அப்புறம் சத்தியமங்கலத்துல அவங்க அம்மா வீட்டுக்குக் கிளம்பிட்டா. பஸ் ஸ்டாண்டுல பீரோ சாவியை என் கையில குடுத்தா. 'கேஸ் புக்கும் ரேஷன் கார்டும் உள்ள இருக்குக்கா, வேணும்னா எடுத்துக்குங்க. வேற எதையும்...' அப்படின்னு ஆரம்பிச்சா. முடிக்கல. பஸ் எடுத்துட்டான். வேற எதையும் தொடாதீங்கன்னு சொல்ல வந்தாளா, வேற எதையும் யோசிக்காதீங்கன்னு சொல்ல வந்தாளா, யாருக்குத் தெரியும்? தொடாதீங்கன்னு அவ வாயால சொல்லல. அது மட்டும் நிச்சயம்.

அதே மாசந்தான் என் தம்பி சிவகுருவுக்குப் பொண்ணு பொறந்தது. எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி அவன் வீடு. சம்சாரம் ஹேமலதா திருப்பூர்க்காரி. அவ பொறந்த வீட்ல பனியன் கம்பெனி. குழந்தைத் துணின்னா பெட்டி பெட்டியா வரும். தொட்டில் போடுற அன்னைக்கு அத்தைக்காரி நான் என்னத்தைக் கொண்டு போய் வெக்கிறது? ஹேமலதாவோட அம்மா போன்ல பேசறப்ப, வாய் சும்மா இருக்காம, 'எங்க ஊரு குளிருக்கு உங்க பனியன் துணி பத்தாதுங்க. நான் என் கையாலேயே ஒரு போர்வை பின்னிட்டு இருக்கேன்'னு சொல்லிட்டேன். ஒரு கண்ணிகூடப் போடல அப்ப.

அந்தக் கார்த்திகையில பேய் மழை. ரோட்டுல மண்ணு சரிஞ்சு பத்துப் பன்னெண்டு நாள் இந்தப் பக்கம் வண்டியே வரல. நூல் கடைக்குப் போனா கறுப்பும் கருநீலமுந்தான் கிடக்குது. பச்சைப் புள்ளைக்குக் கறுப்பையா போத்துவாங்க? சரி, வீட்ல இருக்குறதை வெச்சு ஒப்பேத்துவோம்னு பிஸ்கட் டப்பாவையெல்லாம் கவுத்துனேன். எங்க வீட்டுக்காரர் ஸ்வெட்டர்ல மிஞ்சுன சாம்பல் நிறம். என் தொப்பியில மிஞ்சுன காப்பிக் கலர். மகன் ஸ்கூல் ஸ்வெட்டர்ல மிஞ்சுன மெரூன். இன்னும் கொஞ்சம் கரும்பச்சை, அது எதுல மிஞ்சுனதுன்னே தெரியல.

மாதிரியெல்லாம் ஒண்ணும் கிடையாது. எழுபது கண்ணி போட்டேன். போறப்பவும் வர்றப்பவும் ஒரே பின்னல். மெல்லிசா இருந்த நூலை ரெண்டு இழையாச் சேத்துக்கிட்டேன். ஒரு நிறம் எங்க தீருதோ அங்க அடுத்தது. கை பாட்டுக்குப் போகும், மழை பாட்டுக்குப் பெய்யும். பொய் சொல்லக் கூடாது, அந்தப் பன்னெண்டு நாளும் எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு. ஆறுச்சாமியும் சத்தியமங்கலத்துலயே தங்கிட்டதால கதவுக்கு அந்தப் பக்கம் வீடு ஆளில்லாம கிடந்துச்சு. நான் பாட்டுக்குச் சந்தோசமாப் பின்னிட்டு இருந்தேன்.

முடிச்சுக் கட்டில்ல விரிச்சேன். எங்க வீட்டுக்காரர் பாத்துட்டு, 'இது குழந்தைக்கா, இல்ல மாட்டுக்கா?'ன்னாரு. கேலிக்குத்தான் சொன்னாரு. ஆனா அது நிசம். சாம்பல், காப்பி, மெரூன், கரும்பச்சை. ஒரே இருட்டு. திருப்பூர்க்காரங்க முன்னாடி இதை எப்படி விரிப்பேன்? சுத்தி ஒரு ஓரம் மட்டும் வெளிச்சமா குடுத்துட்டா எடுப்பா இருக்கும். நாலு விரல் அகலத்துக்குப் போதும்.

கேஸ் புக்குக்காகத்தான் பீரோவைத் திறந்தேன். அன்னைக்கு கேஸ் தீரல. ஆனா தீர்ற மாதிரி இருந்துச்சு.

கேஸ் புக் மேல் தட்டுல முன்னாடியே இருந்துச்சு. நான் கீழ் தட்டுலதான் தேடுனேன். சேலைக்கெல்லாம் அடியில ஒரு துணிப்பை. உள்ள அந்த ஸ்வெட்டர். ரெண்டு பூச்சி உருண்டை போட்டு, மடிச்சு வெச்சிருந்தா. ரெண்டாவது கை அப்படியே ஊசியோட இருந்துச்சு. ஒரு நாள் எடுத்து முடிச்சுரலாங்கிற மாதிரி.

எனக்கு நானே என்ன சொல்லிக்கிட்டேன் தெரியுமா? திரும்பி வந்து பீரோவைத் திறந்தா இதுதானே அவ கண்ணுல படும், என்ன ஆவா அவ, கண்ணுல படாம இருக்குறதுதான் அவளுக்கு நல்லதுன்னு. நிசமாவே அப்படித்தான் நினைச்சேன் அம்மிணி. பாதி நிசமா.

ஊசியை உருவி, நுனியைப் பிடிச்சு இழுத்தேன். அவ்வளவுதான். இழுக்க இழுக்க வந்துட்டே இருந்துச்சு. நாலு மாசம் போட்டது, அரை மணி நேரம்கூட ஆகல. அவிழ்த்த நூல் நேரா இருக்காது, தெரியுமில்ல? போட்ட கண்ணியோட வளைவு வளைவா, சுருட்டை முடியாட்டம் வரும். வெந்நீர்ல முக்கி, அடுப்புக்கு மேல கொடி கட்டிக் காயப் போட்டேன். முக்கால்வாசி சுருக்கம் போச்சு. முழுசாப் போகல. எங்க வீட்டுக்காரர், 'இது ஏது?'ன்னு கேட்டாரு. பழசுன்னேன்.

ரெண்டே நாள்ல ஓரம் முடிஞ்சுது. தொட்டில் போட்ட அன்னைக்கு எல்லாரும் கையில வாங்கி வாங்கிப் பாத்தாங்க. ஹேமலதாவோட அம்மா, 'கைவேலைன்னா இதுங்க. அந்த மஞ்சள்தான் தூக்கிக் குடுக்குது'ன்னாங்க. நான் சிரிச்சுட்டு நின்னேன்.

தை பொறந்து வசுமதி திரும்பி வந்தா. அதுக்குள்ள லீவு கிடைக்காம ஹேமலதா பேங்க் வேலைக்குப் போக ஆரம்பிச்சுட்டா. குழந்தை மிருதுளா பகல் பூரா எங்கிட்டத்தான். வசுமதி வந்த அன்னைக்கே நடுக்கதவு வழியா வந்து, தொட்டில் பக்கத்துல உக்காந்தா. குழந்தை தூங்கிட்டு இருந்துச்சு. போர்வை ஓரத்தை ரெண்டு விரலால பிடிச்சுப் பாத்தா. அந்த விரலை அப்படியே ஓரத்தோட ஓட்டிட்டுப் போனா, முனை வரைக்கும். 'இந்த மஞ்சள் ஏதுக்கா?'ன்னா. 'மிச்ச நூல்'னேன். 'நல்லாருக்கு'ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

ஒரு வாரம் ஒண்ணும் கேக்கல. நானும் அப்பாடான்னு இருந்தேன். எட்டாவது நாள் நான் அரிசி களைஞ்சுட்டு இருக்கேன், வந்து நிலையில சாஞ்சு நின்னா. 'அக்கா, பீரோவுல கீழ் தட்டுல ஒரு பை இருந்துச்சே?'

நான் திரும்பிக்கூடப் பாக்கல. 'அதை ஏன் கேக்குற வசு, எலி உள்ள பூந்து கடிச்சுக் குதறி வெச்சிருந்துச்சு. தூக்கிப் போட்டுட்டேன். உங்கிட்டச் சொல்லி உன் மனசை நோகடிக்க வேணாம்னு விட்டுட்டேன்'னேன். எப்படி வந்துச்சுன்னே தெரியல அந்தப் பேச்சு. ரெடியா வாயிலயே இருந்த மாதிரி வந்துச்சு.

'ஊசியையும் போட்டுட்டீங்களாக்கா?'ன்னா. ஊசி இருக்குதுன்னு என் டப்பாவுல இருந்து எடுத்துக் குடுத்தேன். வாங்கிட்டுப் போயிட்டா.

அதுக்கப்புறம் ரெண்டு வருசம் ஒரே வீட்ல இருந்தோம். அவ மிருதுளாவை ஒரு தடவைகூடத் தூக்கல. மத்தபடி எல்லாம் செய்வா. பாலைக் காய்ச்சிக் குடுப்பா, துணி மடிச்சுக் குடுப்பா. தூக்க மட்டும் மாட்டா. பாவம், ஏக்கம்னு நினைச்சேன். ஒரு நாள் மத்தியானம் நான் குளிச்சுட்டு இருக்கேன், குழந்தை வீறிட்டு அழுகுது. ஓடி வந்து பாத்தா, இவ தொட்டிலுக்கு ரெண்டடி தள்ளி நிக்கிறா. கையைக் கட்டிட்டு நிக்கிறா. எனக்கு வந்துச்சு கோவம். 'பச்சைப் புள்ள இந்த அழுகை அழுகுது, தூக்குனா உன் கை தேஞ்சா போயிரும்?'னு சத்தம் போட்டேன். நான் அவளைப் பாத்துச் சத்தம் போட்டேன் அம்மிணி. அவ தன் வீட்டுப் பக்கத்துக்குப் போயிட்டா. அன்னைக்குத்தான் முதல் தடவையா நடுக்கதவு சாத்திக் கிடந்துச்சு.

அந்த ரெண்டு வருசம் முடிஞ்ச சித்திரையில ஆறுச்சாமி சத்தியமங்கலத்துலயே வேன் ஓட்டறேன்னு குடும்பத்தோட போயிட்டாரு. அவளுக்கு இந்தக் குளிர் ஒத்துக்கலன்னு சொந்தக்காரங்ககிட்டயெல்லாம் நாந்தான் சொன்னேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிட்டேன்.

இதெல்லாம் அப்படியே அமுங்கிக் கிடந்துச்சு. போன மாசம் மிருதுளா வந்தா, இப்ப நாலாவது படிக்கிறா. பள்ளிக்கூடத்துல வீட்டுப் பழைய சாமான் ஏதாவது ஒண்ணு கொண்டு வந்து அதைப் பத்திப் பேசச் சொன்னாங்களாம். இந்தப் போர்வையைத் தூக்கிட்டு வந்து என் மடியில விரிச்சா. 'அத்தை, இந்தச் சாம்பல் கலர் யாரோடது?' மாமாவோடது. 'இந்த மெரூன்?' என் மகனோடது. 'காப்பிக் கலர்?' என்னோடது. நோட்டுல எழுதிட்டே வர்றா. 'இந்த மஞ்சள் யாரோடது?'

கடையில வாங்குனேன்னு சொன்னேன். மஞ்சள், கடைன்னு எழுதிக்கிட்டா. அந்தப் புள்ள கையால எழுதுனதைப் பாத்ததும் எனக்குச் சோறு இறங்கல. பத்துப் பதினஞ்சு நாள் இறங்கல.

இன்னைக்கு விடிகாலையில கிளம்பிப் போனேன், சத்தியமங்கலத்துக்கு. பண்ணாரி அம்மன் கோயிலுக்குன்னு வீட்ல சொல்லிட்டு. அது பொய்யாயிரக் கூடாதுன்னு கோயிலுக்கும் போய் ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் அவ வீட்டுக்குப் போனேன். ஆறுச்சாமி வண்டிக்குப் போயிருந்தாரு. அவ கீரை ஆஞ்சுட்டு இருந்தா. தலை பாதி நரைச்சிருச்சு. 'வாங்கக்கா'ன்னு சொல்லித் தண்ணி குடுத்துட்டு மறுபடி கீரைக்கு உக்காந்தா. நானும் ஒரு பிடி எடுத்து ஆஞ்சேன். அப்பத்தான் பேச வந்துச்சு.

'வசு, அந்தப் பையை எலி கடிக்கல.'

'தெரியும்க்கா.' கை நிக்கல அவளுக்கு.

'எப்ப இருந்து?'

'குழந்தையைப் பாக்க வந்த அன்னைக்கே. ஓரத்தைத் தொட்டதும் தெரிஞ்சுது. அந்த நூல்ல ஒவ்வொரு கண்ணியும் நான் ரெண்டு தடவை, மூணு தடவை போட்டது. என் விரலுக்குத் தெரியாதா?'

'தெரிஞ்சுட்டு அப்புறம் ஏன் பை எங்கன்னு கேட்ட?'

'நீங்களே சொல்லிருவீங்கன்னு ஒரு வாரம் பாத்தேன். சொல்லல. கேட்டாலாவது சொல்லுவீங்கன்னு கேட்டேன்.'

அவதான் பேசுனா. அந்த வீட்ல இருந்த அத்தனை வருசத்துலயும் அவ அவ்வளவு பேசி நான் கேட்டதில்ல. 'எங்கிட்டக் கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேன்க்கா. அது நிசம். ஆனா எடுத்துட்டீங்க, ஒரு குழந்தைக்குத்தானே போச்சுன்னு மனசைத் தேத்திக்கப் பாத்தேன். தேத்திருப்பேன். நீங்க எலின்னீங்க. பூச்சி உருண்டை போட்டுப் பொத்தி வெச்சதை எலி கடிச்சதுன்னீங்க. பொய்னு தெரியும். தெரிஞ்சும் கண்ணை மூடுனா எலிதான் வரும். அந்தச் சின்னக் கையைப் பிடிச்சுக் கடிக்கும். எத்தனை நாள்னு நினைக்கிறீங்க?'

'அதனாலதான் மிருதுளாவைத் தூக்கலியா?'ன்னு கேட்டேன்.

'அந்தப் போர்வை இல்லாம ஒரு நாளாவது அவளைக் கிடத்தியிருக்கீங்களா? தூக்குனா அதுவும் என் கைக்கு வரும். வந்துட்டா நான் திருப்பிக் குடுத்திருக்க மாட்டேன்'னா.

நான் ஒண்ணு சொன்னேன். எனக்கு அப்ப அது நல்ல யோசனையாப் பட்டுச்சு. 'போர்வை இன்னும் இருக்குது வசு. அந்த ஓரத்தை மட்டும் அவிழ்த்துக் கொண்டு வந்து தந்துர்றேன்'னேன். அப்பத்தான் நிமிந்து என் மூஞ்சியைப் பாத்தா.

'இன்னொரு தடவை அவிழ்க்காதீங்கக்கா'ன்னா.

சோறு போட்டா. கீரையும் ரசமும். ரெண்டாவது தடவை போட்டுக்கச் சொன்னா, போட்டுக்கிட்டேன். அவ மன்னிச்சாளான்னு கேட்டீங்கன்னா எனக்குத் தெரியாது. நான் கேக்கவும் இல்ல. சோறு போட்டதை நானா மன்னிப்புன்னு எடுத்துக்கக் கூடாதில்ல? அந்த மாதிரி எடுத்துக்குறவதான் நான், அதனால சொல்றேன்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்தா. வண்டி ஏறுறதுக்கு முன்னாடி கையைப் பிடிச்சா. 'ஒண்ணு மட்டும் எனக்காகச் செய்ங்கக்கா. இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க. மாமாகிட்ட வேண்டாம், மிருதுளாகிட்டயும் வேண்டாம். எங்க வீட்டுக்காரருக்கே அப்படி ஒண்ணு நான் பத்திரப்படுத்தி வெச்சிருந்தது தெரியாது. அவனுக்குன்னு நான் பண்ணுனது அது ஒண்ணுதான். அது எனக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிஞ்சதா இருந்துட்டுப் போகட்டும்'னா. நான் அவ கையில அடிச்சு சத்தியம் பண்ணுனேன். உயிர் போனாலும் சொல்ல மாட்டேன்னேன்.

அப்ப மத்தியானம் ரெண்டு மணி.

இப்ப என்ன மணியாச்சு அம்மிணி? அஞ்சரையா.

மூணரை மணி நேரம்.

இல்ல, நீங்க முன்பின் தெரியாதவங்க, உங்ககிட்டச் சொன்னா அது சொன்ன கணக்குல வராதுன்னு நினைச்சுட்டேன் போல. மனசு பாரம் தாங்கல, யார்கிட்டயாவது இறக்கி வெக்கணும்னு இருந்துச்சு. நினைச்சுத்தான் ஆரம்பிச்சேன்னு சொல்ல முடியாது. உங்க கையில நூலைப் பாத்தேன், வாய் பாட்டுக்குப் போயிருச்சு. பாருங்க, இதுக்கும் ஒரு சாக்கு சொல்லிக்கிறேன் பாருங்க.

நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நீங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கன்னும் எங்கிட்ட சத்தியம் பண்ண வேண்டாம்.

என் பேரை நீங்க கேக்கவும் இல்ல, நான் சொல்லவும் இல்ல. அவ பேரை எத்தனை தடவை சொல்லிட்டேன். ஊரைச் சொல்லிட்டேன். வேற ஏதாவது ஒரு பேர் சொல்லியிருக்கலாம், உங்களுக்கு என்ன தெரியப் போகுது. அது தோணவே இல்ல எனக்கு.